எரியாத மஞ்சள் விளக்கு

2024 பங்குனியில் ஒரு நாள், அயல் வீட்டு அம்மம்மாவைக் கண் கிளினிக்குக்காக ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியா வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தும் நிழலுள்ள இடம் கிடைக்காததால், காரை வெட்டவெளியில் நிறுத்தி, கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிப் பூட்டிவிட்டு உள்ளே போனோம். ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது உள்ளிருந்த வெக்கை முகத்தில் அடித்தது. ஸ்ரேறிங்கை லேஞ்சி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. திறப்பைத் திருப்பினேன். ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றியது, ஆனால் எஞ்சின் பற்றவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றும் அதே நிலைதான்.

பத்து மாதங்களாக விட்டுவிட்டு வந்த பழுதுதான் அது. ஆயினும் அன்றுதான் முதல் முறையாக இரண்டு விடயங்கள் என் கண்ணில் பட்டன. ஐந்தரை மணித்தியாலம் நின்ற எஞ்சின் சூடாக இருக்க நியாயமில்லை என்பது ஒன்று. திறப்பைத் திருப்பியதும் டாஷ்போட்டில் எரிய வேண்டிய மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியவே இல்லை என்பது மற்றது. பற்றரி விளக்கும் எண்ணெய் விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மஞ்சள் விளக்கின் இடம் மட்டும் கறுப்பாகக் கிடந்தது.

எனது கார் 2003ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா. நம் நாட்டில் எல்லோரும் 121 என்று சொல்லும் வகை. 1,497 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 1என்செட் எஃப்ஈ எஞ்சினும் தன்னியக்கக் கியரும் கொண்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தனியார் கார்கள் வராமலிருந்த காலத்தில், இருபது வயதுக் காரைக் காப்பாற்றி வைத்திருப்பதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதிலும் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கார் இருந்தால், அது அந்த வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இரவில் பாம்பு கடித்தவரும், வலி கண்ட பெண்ணும், கிளினிக்குத் திகதி வந்த முதியவரும் அந்த வீட்டுப் படலையைத்தான் வந்து தட்டுவார்கள். ஆகவே இந்தக் கார் நம்பத்தக்கதாக இருக்கிறதா என்பது எனக்கு வெறும் செலவுக் கணக்காக ஒருபோதும் இருந்ததில்லை.

பழுது முதலில் வந்தது 2023 வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகும் வழியில். முள்ளியவளையைத் தாண்டியதும் வாகன நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், யாரோ திறப்பை நிறுத்திவிட்டதைப் போல எஞ்சின் நின்றது. இழுவை குறையவில்லை, துள்ளவில்லை, இருமவில்லை. அரை மணித்தியாலம் கழிந்து தானாகவே ஸ்ராட் ஆகியது. அதற்குப் பின் ஆடி, ஆவணி மாதங்களில், கச்சான் காற்று வீசிப் புழுதி கிளம்பும் உச்சிப் பொழுதுகளில், வாரத்துக்கு ஒரு முறையாவது இது நிகழ்ந்தது. காலையில் ஒருநாளும் வரவில்லை, இரவிலும் வரவில்லை.

நான் இரண்டு கராஜ்களுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வரையில் நேர்மையாகவே முயன்றார்கள். முதலாவது கராஜில், எஞ்சின் நின்ற நிலையில் எஞ்சினுக்குள் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்ரரின் குழாயைக் கழற்றிப் பார்த்துப் பெற்றோல் வரவில்லை என்றார்கள். எரிபொருள் பம்பும் வடிகட்டியும் மாற்றப்பட்டன. இரண்டாவது கராஜில் புளக்கில் தீப்பொறி வரவில்லை என்றார்கள். சுழற்சித் தண்டின் வேகத்தை அறியும் உணரி மாற்றப்பட்டது, அதனோடு மின்னால் இயங்கும் ஆளியான ரிலே ஒன்றும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது நினைவகத்தில் ஒரு பழுதுக் குறியீடும் பதிவாகியிருக்கவில்லை. இதற்குள் ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் முழுவதும் கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. பழுது போய்விட்டது, பம்புதான் காரணம் என்று நான் முழுமையாக நம்பினேன். மாசி வெயில் ஏறியதும் அந்த நம்பிக்கை உடைந்தது.

வவுனியாவில் அம்மம்மாவை ஒரு கடையின் தாழ்வாரத்தில் இருத்திவிட்டு, கார்க் கதவுகள் நான்கையும் திறந்துவிட்டுக் காத்திருந்த நாற்பது நிமிடங்களில், பத்து மாதங்களில் யோசிக்காததை யோசித்தேன். வெப்பத்தால் வரும் பழுது என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் எந்த வெப்பம் என்று எவரும் கேட்கவில்லை. சுழற்சித் தண்டின் உணரி எஞ்சினோடு ஒட்டியிருப்பது. அது சூட்டில் பழுதடைவதானால் எஞ்சின் சூட்டில்தான் பழுதடைய வேண்டும். இங்கோ எஞ்சின் ஆறிக்கிடக்க, பயணிகள் இருக்கும் பகுதிதான் அடுப்பாக இருந்தது. குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடும்போது எஞ்சின் எவ்வளவு சூடானாலும் கார் நின்றதில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. நின்றதெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு வெயிலில் ஊர்ந்த நாட்களில்தான். எனவே பழுதான பொருள் முன்மூடியின் கீழே இல்லை, டாஷ்போட்டுக்குள் இருக்கிறது. இந்த வகைக் காரில் முன் இருக்கைப் பயணியின் முழங்காலுக்கு எதிரேயுள்ள சாமான் பெட்டிக்குப் பின்னால், ஒரு அலுமினிய உறைக்குள் இருப்பது எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி. கராஜ்களில் அதனை ஈசீயூ என்பார்கள், சிலர் வெறுமனே பெட்டி என்பார்கள்.

மஞ்சள் விளக்கு சொன்னதும் அதுவேதான். அந்த விளக்கின் ஒரு முனைக்குத் திறப்பின் வழியே 12 வோல்ற் நேரடியாக வருகிறது. மறுமுனையை எர்த்தோடு, அதாவது பற்றரியின் எதிர் முனை பூட்டிய காரின் உடலோடு, சேர்த்து விளக்கை எரிய வைப்பது ஈசீயூ. திறப்பைத் திருப்பியதும் விளக்கு எரிவதன் பொருள், விளக்கு பழுதில்லை என்பது மட்டுமன்று, கணினி விழித்துக்கொண்டது என்பதுமாகும். பற்றரி நன்றாக இருந்தும் அது எரியாவிட்டால் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கலாம்: விளக்கின் பல்ப் எரிந்துபோயிருக்க வேண்டும், அல்லது கணினிக்கு மின் வரவில்லை, அல்லது கணினியே விழிக்கவில்லை. எனது காரில் பழுதில்லாத வேளைகளில் விளக்கு எரிந்தது, ஆகவே பல்ப் நல்லது. பெற்றோல் பம்புக்கான ரிலேயை இயக்குவதும் ஈசீயூதான், கொயில்களுக்குப் பொறிக் கட்டளை அனுப்புவதும் ஈசீயூதான். ஒரு கராஜ் பெற்றோல் இல்லை என்றது, மற்றது பொறி இல்லை என்றது, இரண்டும் உண்மையே. இரண்டும் ஒரே வேளையில் இல்லாமற் போனால் இரண்டுக்கும் மேலே நிற்கும் ஒன்றைத்தான் தேட வேண்டும் என்பதை நாங்கள் எல்லோரும் தவறவிட்டோம். குறியீடு பதிவாகாததும் அப்போது விளங்கியது. உணரி செத்தால் அதனைக் கணினி எழுதி வைக்கும். கணினியே செத்தால் எழுதுவதற்கு யாரும் இல்லை.

ஆனாலும் பெட்டிதான் பழுது என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தால் அதுவும் பம்பை மாற்றியது போன்ற இன்னோர் ஊகமாகத்தான் இருந்திருக்கும். இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோல் எங்கள் பக்கத்துக்கு வராதிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், அப்பா ஒரு ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆதலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காரில் பொறியின் நேரத்தைத் தீர்மானித்தது பொயின்ற் எனப்படும் தொடுமுனைகளுக்கு இடையிலான ஒரு சிறிய இடைவெளி. அதனை அவர் தகட்டளவியால் அளப்பார். எனது காரில் அந்த வேலையையும் காபரேற்றரின் வேலையையும் சேர்த்துச் செய்வது கணினி. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு சுற்றை 20 மில்லிசெக்கனில் முடித்துவிடும். அதற்குள் எந்த இன்ஜெக்ரரை எத்தனை மில்லிசெக்கன் திறப்பது, எந்த உருளையில் எப்போது பொறியிடுவது என்பதெல்லாம் தீர்மானமாகிவிட வேண்டும். அப்பாவுக்கு இந்தக் கணினி எதுவும் தெரியாது. நான் வந்து கதையைச் சொன்னதும், "தம்பி, முதல்ல அதுக்குச் சாப்பாடு போகுதோ எண்டு பார், பிறகு அதில குற்றம் சொல்லு" என்றார். எந்தப் பழுதுபார்க்கும் கைநூலும் முதற் பக்கத்தில் சொல்வது அதைத்தான்.

வீதியில் பழுது வரும்வரை காத்திராமல் அதனை வீட்டுக்கே வரவழைப்பது என்று தீர்மானித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காரை முற்றத்தில் வெயில் விழும் பக்கமாக நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். டாஷ்போட்டின் சாமான் பெட்டியை முன்னரே கழற்றி, ஈசீயூவின் இணைப்பிகளை எட்டக்கூடியவாறு வைத்திருந்தேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மகள் திறப்போடு சாரதி இருக்கையில் இருக்கவும் வோல்ற்றும் தடையும் அளக்கும் பல்மானியின் அளவுகளைக் கொப்பியில் எழுதவும் ஒப்புக்கொண்டாள். ஒரு மணிக்குத் திறப்பைத் திருப்பியபோது மஞ்சள் விளக்கு எரியவில்லை. பழுது வந்ததற்காக மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான்.

அளப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஈசீயூவின் முனைகளை பல்ப் பூட்டிய சோதனை விளக்கால் தொடக்கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் உள்ளிருக்கும் நுண்ணிய சுற்றுகளைப் பொசுக்கிவிடலாம். உள்தடை மிகுந்த டிஜிற்றல் பல்மானியே வேண்டும். அடுத்தது, இணைப்பியின் முன்வாயில் ஆணியையோ தடித்த கம்பியையோ செருகினால் உள்ளிருக்கும் பித்தளை முனை விரிந்துபோகும். பிறகு புதிதாக ஒரு தொடுகைப் பழுதை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். நான் மெல்லிய தையல் ஊசிகளை வயர் உள்நுழையும் பின்பக்கமாக, இறப்பர் அடைப்பை ஒட்டிச் செருகி, அவற்றின் மேல் பல்மானியின் முனைகளைப் பிடித்தேன். எந்த முனை எது என்பதற்கு அந்த எஞ்சினுக்குரிய இணைப்பி வரைபடம் கையில் இருக்க வேண்டும். நினைவை நம்பி இதில் இறங்குவது ஆபத்து.

பற்றரியில் 12.5 வோல்ற் இருந்தது. திறப்பு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஈசீயூவின் நினைவகத்துக்கு வர வேண்டிய மின் வந்துகொண்டிருந்தது. திறப்பைப் போட்டதும் பிரதான ரிலேயின் வழியே பிளஸ் பீ என்ற முனைக்கு 12.3 வோல்ற் வந்தது. சாப்பாடு போகிறது. அடுத்தது எர்த். எர்த் வயரை வெறும் தடையாக அளந்து திருப்தியடைபவர்கள் பலர். ஒரேயொரு நார் மிஞ்சிய வயரும் அந்த அளவில் நல்லதாகத்தான் தெரியும். சுமையோடு அளக்க வேண்டும். பற்றரியின் எதிர் முனையில் பல்மானியின் ஒரு முனையையும், ஈசீயூவின் எர்த் முனைகள் ஒவ்வொன்றிலும் மற்ற முனையையும் வைத்துக்கொண்டு மகளை ஸ்ராட்டரைச் சுற்றச் சொன்னேன். எல்லா முனைகளிலும் 0.05 வோல்ற்றுக்குக் குறைவான வீழ்ச்சியே இருந்தது. கால் வோல்ற், அரை வோல்ற் என்று ஏறியிருந்தால் பெட்டியைத் தொடாமல் எர்த் புள்ளிகளைத் தேடிச் சுரண்டித் துப்புரவாக்கியிருப்பேன்.

மூன்றாவது அளவுதான் வழக்கைத் தீர்த்தது. பற்றரியிலிருந்து வரும் 12 வோல்ற்றை ஈசீயூ தனக்குள் 5 வோல்ற்றாகக் குறைத்து, அதிலேயே தன் செயலியையும் ஓட்டி, வீசீ என்ற முனையின் வழியாக வெளியே திரொட்டில் உணரி போன்றவற்றுக்கும் அனுப்புகிறது. அங்கே 5 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் 0.7 வோல்ற் காட்டியது. ரொயோட்டாவை அறிந்தவர்கள் உடனே ஒரு ஏமாற்றுக் கண்ணியை நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். வெளியே ஏதேனும் ஓர் உணரியின் உள்ளேயோ வயரிலோ அந்த 5 வோல்ற் எர்த்தோடு முட்டிக்கொண்டால், முழுக் கணினியும் மூச்சடைத்து, மஞ்சள் விளக்கு எரியாமல், ஸ்கேனரோடு பேசாமல், செத்த பெட்டியைப் போலவே கிடக்கும். அந்த நிலையில் பெட்டியை மாற்றினால் புதிய பெட்டியும் அப்படியே கிடக்கும். எத்தனையோ நல்ல பெட்டிகள் இந்தக் காரணத்துக்காகக் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். ஆகவே 5 வோல்ற்றில் வேலை செய்யும் உணரிகளின் இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், ஒவ்வொரு முறையும் மகள் அளவை வாசித்தாள், 0.7 மாறவில்லை. பிறகு பற்றரியைக் கழற்றி, ஈசீயூவின் இணைப்பியையும் கழற்றி, அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையிலான தடையை அளந்தேன். எல்லையற்ற தடை. வயரில் முட்டுதல் இல்லை, உணரிகளில் இல்லை, மின் வருகிறது, எர்த் இருக்கிறது. பெட்டிக்குள் மட்டுமே 5 வோல்ற் பிறக்கவில்லை.

எல்லாவற்றையும் மீண்டும் இணைத்து, திறப்பைப் போட்ட நிலையில், மேசை விசிறியைக் கதவருகே வைத்து அந்த அலுமினிய உறைமீது காற்றடிக்கவிட்டேன். பல்மானியில் இலக்கங்கள் சற்று நேரம் தடுமாறின, 0.7, 1.1, மறுபடியும் 0.7. பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் ஒரே தாவலில் 5.01 ஆகியது. "அப்பா, மஞ்சள் லைற் வந்திட்டுது!" என்று மகள் கத்தினாள். உறுதிப்படுத்துவதற்காக மாலையில், வெயில் தாழ்ந்தபின், தலைமயிர் உலர்த்தும் கருவியால் பெட்டியை மெதுவாகச் சூடாக்கினேன், விளக்கு அணைந்தது. விசிறி, விளக்கு எரிந்தது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே. பழுதை வேண்டும்போது வரவழைத்து வேண்டும்போது போக்க முடியுமானால்தான் அதனைக் கண்டறிந்துவிட்டோம் என்று நான் சொல்வேன்.

புதுக்குடியிருப்பில் ரேடியோ திருத்தும் அண்ணை ஒருவர் இருக்கிறார். போர்க் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி எங்கள் ஊரவர் செய்தி கேட்ட ரேடியோக்களில் பல அவருடைய கையால் உயிர் பெற்றவை. பெட்டியை அவரிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து, ஈரம் பட்ட பச்சைக் களிம்பு உண்டா, மின்னைச் சேமிக்கும் கொள்ளளவிகள் உப்பியோ கசிந்தோ இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தார். பழைய கணினிகளில் பெரும்பாலும் முதலில் சாவது மின்பகு கொள்ளளவிதான்; வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. இங்கே அவை நன்றாக இருந்தன. பின்பு உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஈய ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், 5 வோல்ற்றை உண்டாக்கும் பகுதியில் தடித்த காலுள்ள ஒரு பாகத்தைக் காட்டினார். காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போன்ற ஒரு வளையம். ஈய ஒட்டு உருகுவதற்கு 183 பாகை செல்சியஸ் வேண்டும். எங்கள் வெயிலில் அடைத்து வைத்த காரின் டாஷ்போட் அதில் பாதியைக்கூட எட்டாது. உருகியதால் வந்த பழுதல்ல இது. பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும், கிறவல் வீதியில் குலுங்கியும், இருபது வருடங்களில் ஈயம் களைத்துப்போய் வெடித்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது வெடிப்பின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறி விரியும்போது விலகும்.

இது எனது காருக்கு மட்டும் வந்த கேடல்ல என்பதை அறிந்தபோது சிறிது ஆறுதலாக இருந்தது. 2010 ஆகஸ்ட்டில் ரொயோட்டா நிறுவனமே வட அமெரிக்காவில் விற்ற 2005 முதல் 2008 வரையான கொரோலா, மற்றிக்ஸ் கார்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை, எஞ்சின் கணினியின் ஈய ஒட்டுகளில் வெடிப்பு உண்டாகலாம் என்பதற்காக மீள அழைத்தது. அவற்றின் எஞ்சின் வேறு, பெட்டியும் வேறு. நோயின் தன்மை ஒன்றே.

அண்ணை பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டித் தந்தார். காசு வாங்க மறுத்தார். மூன்று வாரங்கள் கார் நன்றாக ஓடியது. சித்திரையின் கடைசியில் கரிப்பட்டமுறிப்புக்கு அருகே உச்சி வெயிலில் மறுபடியும் நின்றது. இம்முறை இருக்கையின் கீழ் பல்மானி இருந்தது, வீசீ முனை மீண்டும் விழுந்திருந்தது. அண்ணை பார்த்துவிட்டு, பலகையின் துளைக்குள்ளே இருக்கும் மெல்லிய செப்புப் பூச்சும் விட்டுப்போயிருக்கிறது, கம்பி ஓட்டி இன்னும் கொஞ்சக் காலம் இழுக்கலாம், ஆனால் நோயாளியை ஏற்றும் வாகனத்துக்கு அப்படிச் செய்து தரத் தன் மனம் ஒப்பவில்லை என்றார். அவர் அப்படிச் சொன்னதை நான் மதிக்கிறேன். பெட்டியை மாற்றுவது என்று முடிவானது அப்போதுதான்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில், ஜப்பானிலிருந்து வந்து பிரிக்கப்பட்ட கார்களின் ஈசீயூக்கள் கிடைக்கும். வாங்கப் போகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கார் எந்த மொடல் என்று சொல்லி வாங்கக்கூடாது, பெட்டியின் மேல் ஒட்டியுள்ள இலக்கத்தைச் சொல்லி வாங்க வேண்டும். ரொயோட்டாவில் எஞ்சின் கணினியின் இலக்கம் 89661 என்று தொடங்கும். அதற்குப் பின்வரும் ஐந்தும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நான் முதலில் தொலைபேசியில் "121" என்று மட்டும் சொல்லி வரவழைத்த பெட்டி கைக்கியர்க் காருக்குரியதாக இருந்தது. எனது காரில் தன்னியக்கக் கியரை மாற்றும் வால்வுகளுக்குக் கட்டளை கொடுப்பதும் இதே பெட்டியாதலால், அது எஞ்சினை ஓட்டினாலும் கியரை மாற்றாது. திருப்பியனுப்பி, இரண்டாம் முறை பழைய பெட்டியின் ஒட்டுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பி, அவர்களிடமிருந்தும் படம் பெற்றபின் வாங்கினேன். 26,000 ரூபாய் ஆயிற்று. வந்ததும் உறையின் திருகாணிகளில் துருவோ, இணைப்பி முனைகளில் வெண்பொடியோ இருக்கிறதா என்று பார்த்தேன். வெள்ளத்தில் கிடந்த காரின் பெட்டியை அது காட்டிக்கொடுக்கும்.

திருகாணி முறுக்கியை எடுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. பழைய பெட்டியைக் கொன்றது வெளியே இருக்கும் வேறொன்றானால் புதியதையும் அது கொல்லும். எனவே இன்ஜெக்ரர் நான்கையும் அளந்தேன், ஒவ்வொன்றும் 14 ஓமுக்கு அண்மையில் இருந்தன. கொயில்களின் வயர்களையும், கார் நிற்கும்போது எஞ்சினின் வெற்றோட்டத்தைக் காக்கும் வால்வின் வயர்களையும் முட்டுதலுக்காகச் சோதித்தேன். அதற்கு முன், பழைய பெட்டி ஆறியிருந்த ஒரு காலைப்பொழுதில் எஞ்சினை ஓடவிட்டு அளந்தபோது பற்றரிக்கு மின்னேற்றும் ஒல்ரனேற்றர் 14.1 வோல்ற் தந்தது. அது 15ஐத் தாண்டுமானால் முதலில் ஒல்ரனேற்றரைத்தான் திருத்த வேண்டும்.

மாற்றியது அரை மணித்தியால வேலை. பற்றரியின் எதிர் முனையைக் கழற்றி, உடலில் தேங்கும் நிலைமின்னைப் போக்கக் காரின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டு, இணைப்பிகளின் பூட்டுகளை விடுவித்துப் பழையதை எடுத்தேன். முனைகளை விரலால் தொடாமல் புதியதை வைத்து, பூட்டு விழும் ஓசை கேட்கும்வரை அழுத்தினேன். பற்றரியை மாட்டித் திறப்பைப் போட்டதும் விளக்கு எரிந்தது. ஸ்ராட் செய்தபின் சில நிமிடங்கள் வெற்றோட்டம் சற்றே ஏற்ற இறக்கமாக இருந்தது. வேறொரு காரிலிருந்து வந்த கணினி இந்த எஞ்சினின் தேய்மானத்துக்கேற்ப எரிபொருள் அளவைப் பழகிக்கொள்ளச் சில நாள் ஓட்டம் வேண்டும். மாங்குளம் போய் வருவதற்குள் எனக்கு வித்தியாசம் தெரியாமற் போயிற்று.

எனது காரில் திறப்புக்குள் சில்லு வைத்த திருட்டுத் தடுப்பு முறை இல்லாததால் வேலை இவ்வளவோடு முடிந்தது. அம்முறை உள்ள கார்களில் பெட்டிக்கும் திறப்புக்கும் இரகசிய இலக்கம் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் பழைய காரின் திறப்பையும் அதன் தடுப்புக் கருவியையும் பெட்டியோடு சேர்த்து வாங்க வேண்டும், அல்லது பழைய பெட்டியின் நினைவகச் சில்லிலுள்ளதைப் புதியதற்கு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். ஆகவே பழைய பெட்டி முற்றாகச் செத்துவிட்டது என்று நினைத்தாலும் அதனை எறிந்துவிடாதீர்கள். எனது பழைய பெட்டி இப்போது புதுக்குடியிருப்பில் அண்ணையின் மேசையில் இருக்கிறது. அதன் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி டாஷ்போட்டின் சாமான் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அம்மம்மாவின் அடுத்த கிளினிக்கு ஆவணியில் வந்தது. அன்றும் நிழலில் இடம் கிடைக்கவில்லை. நண்பகல் கழிந்து திரும்பி வந்து, லேஞ்சியால் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு, திறப்பைப் பாதி திருப்பி நிறுத்தி மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. ஸ்ராட்டர் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் பற்றியது. மூன்று மணிக்கு முன் மாங்குளச் சந்தியைத் தாண்டிவிட்டோம்.